பெயர் தெரியாத பேய்ப்படம்

கினிகத்தேனைக்குப் போய் வந்து மூன்று வாரங்களாகின்றன. உறவினர் ஒருவரின் கருமாதிக்காகச் சென்றிருந்தேன். அவிசாவளையிலிருந்து ஏறும் ஹட்டன் வீதியில் கித்துல்கலையைத் தாண்டி, வளைவுகள் தொடங்கி, பஸ் கண்ணாடியில் மழையும் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் நெருங்குகிறது என்று பொருள். அடுத்துள்ள வட்டவளை, நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அந்த மழையில் எங்களுக்கும் தாராளமாகப் பங்குண்டு.

அன்று மாலையும் மழை விடவில்லை. மின்சாரமும் நின்றுவிட்டது. வந்திருந்த சனங்கள் கலைந்த பின்னர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் என் தங்கையின் மகன், கைபேசியை ஒரு செம்பின்மேல் சாய்த்து வைத்து ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னாடா பாக்குற?”

“பழைய பேய்ப்படம் மாமா. நெட்ல சும்மாவே கெடக்கு. யாரும் காசு கேக்குறதில்ல.”

எட்டிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். தனியாக நிற்கும் ஒரு பண்ணை வீடு. உயரமான கறுப்பின இளைஞன் ஒருவன் மேசையை உடைத்து, அதன் பலகையை யன்னலில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வெளியே இருட்டில் யாரோ மெதுவாக நடந்து வருகிறார்கள். நான் அவனருகில் பாயில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆணிச் சத்தத்தை இதற்கு முன்னரும் இதே தோட்டத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டு நாற்பது வருடங்களுக்கு மேலாகின்றன.

அது ஜோர்ஜ் ரொமேரோ என்ற அமெரிக்க இயக்குநர் 1968இல் எடுத்த ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’. பத்திரிகைக்காரனாக அந்தப் பெயரை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். 2017இல் ரொமேரோ இறந்தபோது வந்த செய்திகளையும் வாசித்தேன். ஆனால், பெயர் தெரியாமல் நான் இத்தனை காலம் நினைவில் சுமந்த படம் அதுதான் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது.

1984ஆம் ஆண்டு, எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அந்தக் காலத்துத் தோட்டத் திருவிழாக்களில் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு ஆகியவற்றின் இடத்தை ‘டெக்’ மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹட்டனிலிருந்து ஒரு டீவியும் டெக்கும் வாடகைக்கு வரும். கூடவே ஒரு ஜெனரேட்டரும் வரும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களைச் சுற்றிலும் லக்சபானை, நோட்டன் பிரிட்ஜ், பொல்பிட்டிய என்று மின் நிலையங்கள். லக்சபானை 1950இலேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. கம்பிகள் எங்கள் தலைக்கு மேலாகத்தான் கொழும்புக்குப் போயின. எங்கள் லயங்களில் எரிந்ததோ குப்பி விளக்கு. ஆகவே, படம் பார்க்க வேண்டுமானால் ஜெனரேட்டருக்கும் சேர்த்துத் தலைவரி போட வேண்டும்.

படம் காட்டியது பிள்ளை மடுவத்தில். பகலில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. படங்கையும் சாக்கையும் விரித்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சனம் அமர்ந்திருக்கும். முதலில் ஒரு சாமி படம். அடுத்து எம்.ஜி.ஆர். அதற்குள் நள்ளிரவு கடந்துவிடும். பெரியவர்களும் குழந்தைகளும் பாதிப்பேர் தூங்கிய பிறகு, இளைஞர்களின் வேண்டுகோளின்படி ‘பேய்ப்படம்’. டெக் கொண்டு வந்தவர் அன்று, கேட்ட தமிழ்ப்படம் கிடைக்கவில்லை என்று கூறி, மேலட்டையில் பெயரே எழுதாத ஒரு கெசட்டைக் கொண்டு வந்திருந்தார். போட்டால் இங்கிலீஷ் படம். அதுவும் கறுப்பு வெள்ளை. “காசத் திருப்பிக் குடு” என்று பின்னால் கூச்சல் எழுந்தது.

அந்தப் படம் ஏன் எங்கள் தோட்டம் வரை வந்தது என்பதற்கான விடையை என் மருமகனே தெரியாமல் சொல்லிவிட்டான்: அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. முதலில் வைத்திருந்த பெயரை மாற்றி வெளியிட்டபோது, விநியோக நிறுவனம் புதிய தலைப்பின் கீழே பதிப்புரிமை அறிவிப்பைப் போடத் தவறிவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உரிமை இல்லை. ஆகவே யாரும் பிரதி எடுக்கலாம், யாரும் விற்கலாம். எடுத்தவர்களுக்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதி சேராமலே போயிற்று. படத்தின் செலவு ஏறத்தாழ 1,14,000 டொலர். ஹொலிவூட் கணக்கில் அது சில்லறைக் காசு. இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டைப் பிடித்து அதில் படமெடுத்தார்கள். இரத்தமாகப் பயன்பட்டது சொக்கலட் பாகு. கறுப்பு வெள்ளையில் எது இரத்தம், எது பாகு என்று யாருக்குத் தெரியும்? பிணங்கள் தின்னும் குடல்கள் மாத்திரம் இறைச்சிக் கடையிலிருந்து வந்த அசல் குடல்கள்.

இதை நான் பின்னாளில்தான் வாசித்தேன். எங்கள் அப்பாயி அன்றே கண்டுபிடித்துவிட்டாள். பிணங்கள் குடலை இழுத்துத் தின்னும் காட்சியில் இளைஞர்களே முகத்தை மூடிக்கொண்டபோது, அவள் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, “ஆட்டுக் கொடலுடா, கழுவக்கூட இல்ல” என்றாள். மடுவமே சிரித்தது. வருடம் ஒருமுறை முனியாண்டிக்குக் கிடாய் வெட்டும் சனத்துக்குக் குடலைக் காட்டிப் பயமுறுத்த முடியுமா?

இங்கிலீஷ் புரியாததால், ஓ லெவல் வரை படித்த அண்ணன் ஒருவர் டீவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். அவருக்கும் புரியவில்லை என்பது இப்போது படத்தைத் திரும்பப் பார்க்கும்போது தெரிகிறது. ஆணி அடிப்பவனை முதலில் அவர் வில்லன் என்றார். படங்களில் கறுப்பாக இருப்பவன் வில்லன் அல்லது வேலைக்காரன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. சற்று நேரத்தில் சனமே அதை மறுத்தது. “இல்லடா, அவன்தான் நல்லவன். நம்ம ஆளு மாதிரி இருக்கான் பாரு” என்று யாரோ சொன்னார்கள். அதன் பின்னர் அவன் ‘நம்ம ஆளு’ ஆகிவிட்டான். அந்த நடிகரின் பெயர் டுவேன் ஜோன்ஸ். அவர் 1988இலேயே காலமாகிவிட்டார்.

நம்ம ஆள் கதவுகளைக் கழற்றி யன்னல்களில் அறைகிறான். வானொலியில் செய்தி வாசிக்கிறார்கள். வெளியே கூட்டம் சேர்கிறது. பலகை இடுக்குகளால் கைகள் உள்ளே நுழைகின்றன. மடுவத்தில் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நின்றுவிட்டது. ஜெனரேட்டர் சத்தமும் ஆணிச் சத்தமும் மாத்திரம் கேட்டன. அப்போது அப்பாயி எழுந்தாள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போய், மடுவத்தின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை.

ஏனென்று புரிய, அதற்குப் பத்து மாதங்களுக்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டும். 1983 ஜூலைக் கடைசி வாரம். கொழும்பு எரிந்த செய்தி வந்தது. பின்னர் கண்டி, மாத்தளை, பதுளை. நுவரெலியா நகரம் எரிந்தது. எங்கள் தோட்டத்துக்கு வந்தது நெருப்பல்ல, பேச்சு. “லொறியில வர்றாங்களாம்” என்ற பேச்சு. அந்தப் பேச்சுக்காக நாங்கள் மூன்று இரவுகள் லயத்தை விட்டுத் தேயிலைக்குள் கிடந்தோம். இடுப்பளவு செடியின் அடியில், தென்மேல் பருவ மழையில், அட்டைக்கடியோடு. குழந்தைகளின் வாயைத் தாய்மார் கையால் பொத்திக்கொண்டார்கள். மெயின் ரோட்டில் வாகனம் ஒன்று வளைவில் கியர் மாற்றினால் கூட மலை முழுவதும் மூச்சடங்கிப் போகும்.

இரண்டாம் இரவு ஒரு டோர்ச் வெளிச்சம் ஒற்றையடிப் பாதையால் ஏறி வந்தது. அதுவே என் வாழ்க்கையில் நான் ஆகக்கூடுதலாகப் பயந்த நேரம். வந்தவர் கீழ்க் கிராமத்துச் சிங்களவர். தோட்டத்துக்குக் காய்கறி கொண்டு வருபவர். ஒரு சாக்கில் பாண் கொண்டு வந்திருந்தார். ரோட்டில் யாரும் இல்லை, ஆனாலும் விடியும்வரை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தோட்டத்துக்கு யாருமே வரவில்லை. ஆகவே, ‘எண்பத்து மூன்றில் உனக்கு என்ன நடந்தது?’ என்று யாரேனும் கேட்டால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதே நேர்மையான விடை. எத்தனையோ பேர் உயிரையும் உடைமையையும் இழந்த அந்த வாரத்தில், அட்டைக்கடியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாகவே இருந்து வந்திருக்கிறது.

அப்படிக் கிடந்தெழுந்த சனம் பத்து மாதத்தில், காசு கொடுத்து, கம்பளி போர்த்தி, வீட்டை முற்றுகையிடும் கூட்டத்தைப் பற்றிய படத்தை விடியற்காலை வரை பார்த்தது. பாதியில் யாரும் எழுந்து போகவில்லை. எழுந்த ஒருத்தியும் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இதைத்தான் நான் நாற்பது வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விடை எளிதானது. படத்தின் பயத்துக்கு முடிவு நேரம் உண்டு. விடிந்தால் டெக்காரர் கெசட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். லொறிக்கு அப்படி நேரமில்லை. இந்த விடை சரிதான், ஆனால் போதாது. எங்களுக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. பயம் பிடித்திருந்தது. அடுத்தவன் வீட்டு யன்னலுக்குள் கை நுழைவதைப் பார்ப்பதில் உடம்புக்குள் ஒரு சூடு ஏறியது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்தியை எழுதுவதில் பயனில்லை.

பத்திரிகையில் சேர்ந்த பிறகு இத்தகைய படங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வகைப்பெயர் இருப்பதை அறிந்தேன்: எக்ஸ்புளொய்டேஷன் படங்கள். வெளிநாட்டுச் சேவை ஒன்றின் செய்தியை மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தேன். அகராதிப்படி ‘சுரண்டல் படங்கள்’. மலையகத்தில் பிறந்தவனுக்குச் சுரண்டல் என்றால் மேதின மேடையும் தொழிற்சங்கத் தலைவரின் கைவீச்சும்தான் நினைவுக்கு வரும். “பேயைச் சுரண்டுவது எப்படி?” என்று பக்கத்து மேசை நண்பர் சிரித்தார். சினிமா வியாபாரத்தில் அதற்குப் பொருள், மலிவாக எடுத்து, பரபரப்பான ஒரு விஷயத்தை வைத்துக் காசாக்குவது. இரத்தம், நிர்வாணம், பிணம் - எது அகப்படுகிறதோ அது. ஆயினும் தொழிற்சங்க அர்த்தத்தையும் அந்தச் சொல்லிலிருந்து முற்றாக நீக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நான் கொழும்புக்கு வந்தது 1986இல், ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்காளனாக. கொட்டாஞ்சேனையில் ஐந்து பேர் சேர்ந்து ஓர் அறை. சம்பள வாரத்தில் டெக் வாடகைக்கு எடுப்போம். அங்கேதான் ராம்சே சகோதரர்கள் எனக்கு அறிமுகமானார்கள். இவர்களின் கதையே ஒரு படத்துக்குரியது. தந்தை கராச்சியில் வானொலிக் கடை வைத்திருந்த ராம்சிங்கானி. வெள்ளைக்கார வாடிக்கையாளர்களின் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் ராம்சே ஆயிற்று. பிரிவினையோடு பம்பாய்க்கு வந்து படத்தயாரிப்பில் இறங்கினார். 1970இல் பிருத்விராஜ் கபூரை வைத்து எடுத்த ஒரு படம் தோற்றது. ஆனால் அதில் கபூர் பயங்கர முகமூடியணிந்து வரும் ஒரு காட்சிக்கு மட்டும் சனம் மயங்கியதை மகன்மார் கவனித்தார்கள். ஏழு மகன்மார். ஒருவர் கமெரா, ஒருவர் ஒலி, இருவர் இயக்கம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். 1972இல் ‘தோ கஸ் ஸமீன் கே நீச்சே’. குடும்பமே பஸ்ஸில் மகாபலேஸ்வருக்குப் போய், அரசாங்க விடுதியில் தங்கி, வீட்டுப் பெண்கள் சமைத்துப்போட, சுமார் மூன்றரை இலட்ச ரூபாயில் எடுத்ததாகச் சொல்வார்கள்.

1984இன் ‘புரானா மந்திர்’ அவர்களின் பெருவெற்றி. சாம்ரி என்ற அரக்கனாக வரும் அனிருத் அகர்வால் உண்மையில் ஒரு பொறியியலாளர். சுரப்பிக் கோளாறினால் அசாதாரணமாக வளர்ந்தவர். அந்த உயரமும் முகமும்தான் அவருக்கு வாய்ப்பைத் தந்தன. வேறு எந்தப் பாத்திரத்தையும் அவை அதிகமாகத் தரவில்லை. அவர் திரையில் வரும்போதெல்லாம் எங்கள் அறை ஆரவாரிக்கும். ஒரு மனிதரின் நோயைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம் என்பது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் தட்டியிருப்போமோ என்னவோ.

தமிழில் ‘யார்?’ (1985), ‘மை டியர் லிசா’ (1987), ‘13-ம் நம்பர் வீடு’ (1990) என்று வந்தவற்றையும் விடவில்லை. பின்னிரண்டையும் இயக்கிய பேபி, மலையாளத்தில் 1978இலேயே ‘லிசா’ எடுத்தவர். இவற்றைத் தரமான படங்கள் என்று வாதாட வரவில்லை. பல காட்சிகள் சிரிப்பைத்தான் தந்தன. ஆயினும் மலிவில் ஒரு பயம் உண்டு. பெரிய படத்தில், இதை எடுத்தவர்கள் பொறுப்பானவர்கள், எல்லை மீற மாட்டார்கள் என்ற நம்பிக்கை பார்வையாளனுக்கு இருக்கும். மங்கிய பிரதியில், முகந்தெரியாத நடிகர்களோடு, யார் எடுத்ததென்றே தெரியாத படத்தில் அந்த நம்பிக்கை கிடையாது. எதையும் காட்டிவிடுவார்கள். இப்போதைய தமிழ்ப் பேய்கள் நகைச்சுவை நடிகர்களோடு குடித்தனம் நடத்துகின்றன. எனக்கு அவற்றில் ஆர்வமில்லை.

இந்தப் படங்கள் அனைத்திலும் விலை கொடுப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடம்பு. ‘புரானா மந்திர்’ கதையின் சாபமே, அரச குடும்பத்துப் பெண்கள் பிரசவத்தில் சாவார்கள் என்பது. சாபம் வாங்கியவன் ராஜா, சாவது பெண். சிறு வயதில், லயத்துப் பெண்ணொருத்திக்குப் பேய் பிடித்ததென்று கோடாங்கியை அழைத்து, உடுக்கடித்து, வேப்பங்குழையால் விளாசியதை முழுத் தோட்டமும் வட்டமாக நின்று பார்த்தது. நானும் பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து முன்வரிசைக்குப் போனவன்தான்.

கொட்டாஞ்சேனை அறையில் ‘த ஈவில் டெட்’ பார்த்த இரவையும் சொல்லிவிடுகிறேன். சாம் ரெய்மி இருபது வயதில் வெகு குறைந்த செலவில் தொடங்கி, 1981இல் வெளிக்கொணர்ந்த படம். பிரித்தானியாவில் இத்தகைய வீடியோக்களைப் பற்றி எழுந்த கூச்சலில் அகப்பட்டு, பொலிஸார் கடை கடையாகப் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். 1984இல் வீடியோவுக்கென்றே அங்கு தனிச்சட்டம் வந்தது. அந்தப் படத்தில், காட்டுக்குள் ஓடும் பெண்ணை மரக்கிளைகளே வன்புணரும் ஒரு காட்சி உண்டு. அதை வைத்திருக்கக் கூடாது என்று இயக்குநரே பின்னாளில் வருந்தினார். நாங்கள் அன்று வருந்தவில்லை. “திருப்பிப் போடு” என்றோம். மூன்று தடவை திருப்பினோம். ரிமோட் என்னிடம் இருந்தது.

1989இல் நான் உதவி ஆசிரியனாகியிருந்தேன். தெற்கிலும் மத்திய மலைநாட்டிலும் ஜே.வி.பி.யின் கிளர்ச்சியும் அதை அடக்க வந்த படுகொலைகளும் உச்சத்திலிருந்த வருடம். காலையில் தெருவோரங்களில் டயர்களின்மேல் எரிந்த உடல்கள் கிடக்கும். ஆறுகளில் மிதந்து வரும். ஒருநாள் மலைநாட்டிலிருந்து ஓர் உடலின் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று தூரத்திலிருந்து எடுத்தது: வீதி, நின்று பார்க்கும் சனம், நடுவில் கரிய ஓர் உருவம். மற்றது நெருக்கத்தில். எதைப் போடுவது என்ற முடிவு அன்று என் கையில் இருந்தது. நெருக்கத்தில் எடுத்ததைத் தெரிவு செய்தேன். போதாதென்று, ஓரங்களை வெட்டி முகத்தை இன்னும் பெரிதாக்கினேன். ‘மக்களுக்கு உண்மை தெரிய வேண்டும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யல்ல. ஆனால் வெட்டும்போது என் விரல்களில் இருந்த விறுவிறுப்பு கொட்டாஞ்சேனை அறையில் ரிமோட்டைப் பிடித்திருந்த அதே விறுவிறுப்பு. மறுநாள் விற்பனையாளர்கள் கூடுதல் பிரதி கேட்டார்கள்.

அதற்கும் மறுநாள், நரைத்த மனிதர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கசங்கிய கோட்டு, வெறுங்கால். எங்கள் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது. பத்திரிகையின் அந்தப் பக்கத்தை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தார். மகன் வேலை தேடி வந்து இரண்டு மாதமாகத் தகவலில்லையாம்.

“ஐயா, இந்தப் படத்துல கையி தெரியலிங்க. முழுப் படம் இருக்குங்களா? அவனுக்கு எடது கையில கவ்வாத்துக் கத்தி வெட்டுன தழும்பு இருக்குங்க.”

கை நான் வெட்டி எறிந்த ஓரத்தில் இருந்தது. அசல் பிரதியைத் தேடியெடுத்துக் கொடுத்தேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இல்லீங்க” என்றார். படத்தை என்னிடம் நீட்டினார். மடித்த பத்திரிகையை மட்டும் திரும்பவும் மடியில் செருகிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அல்லவென்றால் அந்தப் பத்திரிகையை ஏன் கொண்டு போக வேண்டும்?

நான் அதன் பிறகும் பத்திரிகையில் முப்பது வருடங்கள் இருந்தேன். பிணப் படங்கள் ஆயிரக்கணக்கில் என் மேசையைக் கடந்தன. எதையும் ஓரம் வெட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டினேன்.

மீண்டும் அந்த மழை இரவுக்கு வருகிறேன். கைபேசியில் படம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்த எல்லோரும் இறந்துபோக, நம்ம ஆள் மாத்திரம் நிலவறைக்குள் இரவைக் கழிக்கிறான். விடிகிறது. வெளியே வெடிச்சத்தம், நாய்கள். துப்பாக்கியோடு ஊரார் பிணங்களை வேட்டையாடி வருகிறார்கள். மீட்பு வந்துவிட்டது என்று அவன் மெல்ல மேலேறி யன்னலருகே வருகிறான். தூரத்திலிருந்து ஒருவன் குறி பார்த்து நெற்றியில் சுடுகிறான்.

அன்று மடுவத்தில் கதை சொன்ன அண்ணனுக்கு இந்த இடத்தில் பேச்சு வரவில்லை. “காப்பாத்த வந்தவனுங்கதானே?” என்று அப்பாயி கேட்டாள். யாரிடமிருந்தும் பதில் இல்லை. இருட்டில் பாண் சாக்கோடு ஏறி வந்தவரை அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். 1968 ஏப்ரலில், முடிந்த படத்தைக் காரில் வைத்து விற்பதற்காக நியூயோர்க்குக்குப் போகும் வழியில்தான், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். திட்டமிட்டுக் கறுப்பினத்தவரைத் தெரிவு செய்யவில்லை, தேர்வுக்கு வந்தவர்களில் ஜோன்ஸே சிறந்தவராக இருந்தார் என்பதும் அவர் கூற்றே.

“முடிஞ்சிருச்சி மாமா” என்று மருமகன் கைபேசியை எடுக்கப் போனான்.

“பொறு, இன்னும் இருக்கு” என்றேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். எழுத்துகள் ஓடும்போது அசையாப் படங்கள் வருகின்றன. கொக்கிகளால் அவன் உடலை இழுத்துச் செல்வதும், விறகின்மேல் போடுவதும். அவை சினிமாப் படங்களைப் போலவே இல்லை. கரடுமுரடாக, புள்ளி புள்ளியாக, மலிவுத் தாளில் அச்சான பத்திரிகைப் படங்களைப் போல இருக்கின்றன. 1984இல் அந்த இடத்துக்கு வருவதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருந்தார்கள். நான் பார்த்திருக்கிறேன். 1989இல் என் மேசைக்கு வந்த அந்தப் படத்தை எங்கோ முன்னரே பார்த்திருக்கிறேன் என்று அன்று தோன்றியதை, ஏதோ களைப்பு என்று தள்ளிவிட்டிருந்தேன்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இந்த மாதிரி வேற படம் இருந்தா சொல்லுங்க மாமா” என்றான். அவனுக்கு வயது பத்தொன்பது. எண்பத்து மூன்றில் எனக்கிருந்த வயது. பார்க்காதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. சட்டைப்பையிலிருந்த மருந்துக்கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘புரானா மந்திர்’. ‘லிசா’, மலையாளம். ‘யார்?’. நான்காவதாக ‘த ஈவில் டெட்’ என்று எழுதி, சற்று யோசித்து, அதை மட்டும் பேனாவால் நன்றாக அடித்துக் கொடுத்தேன்.

அவன் சீட்டை வாங்கி, கைபேசி வெளிச்சத்தில் பிடித்து, அடித்திருந்ததைத்தான் முதலில் வாசிக்க முயன்றான்.